ஃபைபர் படகில் முதன்முறை கடலுக்குப் போகிறீர்களா? காற்றையும் அலையையும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் சொந்தமாக ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார்கள். யாரும் மீனவர் குடும்பம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட ஆசைப்பட்டவர்கள். படகு எத்தனை அடி, என்ஜின் எத்தனை குதிரைசக்தி என்றெல்லாம் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள், காற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ஆப் இருக்கே, பார்த்துக்கலாம்" என்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால் சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையில், பத்துக் கடல் மைலுக்குள் போய் வருகிற புது ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். பாம்பன், குமரிப் பக்கத்து ஆட்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் நான் மாட்டிக்கொண்ட கதை. ஒரு ஜூலை மாதம், காலை ஐந்து மணி. கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து, லேசான காற்று முதுகில் பட்டது. ஆறு மைல் போக நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. எட்டரை மணிக்கு அந்தக் காற்று ஏறத் தொடங்கியது, ஒன்பதரைக்கெல்லாம் சுற்றிலும் வெள்ளை நுரை. திரும்பும்போது அதே காற்று நேர் முகத்தில், ஒவ்வொரு அலைக்கும் அணியம், அதாவது படகின் முன்மூக்கு, தூக்கித் தூக்கி அறைய, என்ஜினைக் குறைத்தால் நகரவில்லை, கூட்டினால் தண்ணீர் உள்ளே கொட்டுகிறது. கரை சேர மூன்று மணி நேரம் ஆனது. டேங்க்கில் அடியில் கொஞ்சம் பெட்ரோல் அலசிக்கொண்டிருந்தது. கூட வந்த அண்ணன் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, மணலில் படகு ஏறிய பிறகுதான் சொன்னார்: "தம்பி, போறப்ப நல்லா இருந்துச்சேன்னு கேக்காத. வர்றப்ப எப்படி இருக்கும்னு கேட்டுட்டுப் போ."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கரையில் மேலே நல்ல வேகத்தில் மேற்குக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி தரை குளிர்ந்து கிடப்பதால் அந்த வேகம் கீழே இறங்குவதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலந்து, அந்த வேகம் அப்படியே தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அலையை எழுப்புவதற்குக் காற்றின் வேகம் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் வீசியது, தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் ஓடியது என்ற இரண்டும் சேர வேண்டும். கரையிலிருந்து வீசும் காற்றுக்குக் கரையோரத்தில் ஓட இடமே இல்லை, அதனால் கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கடல் எப்போதும் சாதுவாகத்தான் தெரியும். ஆறு மைல் வெளியே அது வேறு கடல். ஆகவே மேற்குக் காற்று நாளில் கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தென்னை மட்டையைப் பாருங்கள்.

முந்தின நாள் மாலை

முதலில் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை. சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து வருகிறதே, அது. "சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்" என்ற வரியைச் செய்தியில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துவிட்டது. அதை 'நாட்' (knot) என்ற கடல் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 45 என்பது 24 நாட், 65 என்பது 35 நாட். 28 அடி ஃபைபர் படகுக்கு அது போகக்கூடிய காற்றே இல்லை. உங்கள் பகுதியின் பெயர் அந்த அறிவிப்பில் இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம், ஆப்பை மூடிவிட்டுத் தூங்குங்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இதே கணக்குதான். ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் புயல் உருவாகிற சூழல், மூன்றாம் எண் என்றால் துறைமுகத்துக்கே திடீர்க் காற்று வரலாம். "ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அனுபவசாலிகள் அவர்கள், நாம் இல்லை.

எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் அடுத்தது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், அதாவது இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், தரும் கடல்நிலை முன்னறிவிப்பு. அலை உயரம், ஸ்வெல் (தூரத்திலிருந்து வரும் நீள அலை), காற்று, நீரோட்டம் எல்லாம் மாவட்டக் கரைவாரியாகக் கிடைக்கும். 'சமுத்ரா' என்று அவர்களுக்கு ஒரு ஆப் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், சாதாரண மீனவர் பயன்படுத்துகிற மாதிரி தமிழில் இருக்கிறது. கடைசியாகத்தான் விண்டி போன்ற காற்று ஆப்கள். அதில் ஒரே ஒரு மாடலை, அதாவது கணினி போடும் ஒரே ஒரு கணிப்பை, பார்த்துவிட்டு மூடாதீர்கள். ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் கொஞ்சம் நம்பலாம், ஒன்று 8 நாட் இன்னொன்று 18 நாட் என்றால் இரண்டுக்கும் நடுவில் எடுத்துக்கொள்ளக் கூடாது, 18-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நேரத்தைப் பார்ப்பது? புது ஆட்கள் எல்லோரும் கிளம்பும் நேரத்தின் காற்றைப் பார்க்கிறார்கள். நீங்கள் கரை திரும்பும் நேரத்தைப் பாருங்கள், அப்புறம் அதற்கு மேல் மூன்று மணி நேரம் கூட்டிப் பாருங்கள், ஏனென்றால் என்ஜின் மக்கர் செய்தால் அந்த நேரத்தில்தான் நீங்கள் கடலில் இருப்பீர்கள். உலக நேரத்தில் போட்டிருக்கும் படங்களில் 5.30 மணி நேரம் கூட்ட மறக்காதீர்கள். சராசரி வேகத்தோடு 'கஸ்ட்' என்று இன்னொரு எண் இருக்கும், இடையிடையே தூக்கி அடிக்கும் வீச்சு அது. சராசரி 10, வீச்சு 22 என்று இருக்கும் நாள் 14-லேயே நிலையாக வீசும் நாளைவிட மோசம்.

காற்று இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. 10 நாட்டுக்கும் 20 நாட்டுக்கும் வித்தியாசம் பத்துதானே என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம், திசை. காற்றுக்கு அது வருகிற திசையைச் சொல்வோம், நீரோட்டத்துக்கு அது போகிற திசையைச் சொல்வோம். 'வடக்குக் காற்று' என்றால் வடக்கிலிருந்து வருகிறது, 'வடக்கு நீரோட்டம்' என்று முன்னறிவிப்பில் இருந்தால் வடக்கு நோக்கி ஓடுகிறது. இரண்டும் வடக்கு என்று போட்டிருந்தால் ஒன்றையொன்று எதிர்க்கிறது என்று அர்த்தம். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருக்கும்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும், அதில் சின்னப் படகு படாத பாடு படும். நம் கரையில் பொதுவாக பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நீரோட்டம் வடக்கே ஓடும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே. குப்பத்தில் இதை நீவாடு என்பார்கள். நீவாடு ஒரு நாட் இருந்து, என்ஜின் நின்று, பத்து மணி நேரம் மிதந்தால், 18 கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்கு நேரே இருப்பீர்கள்.

அலை உயரம் என்ற எண் ஏமாற்றும்

"அலை 1.2 மீட்டர்" என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1.2 என்று அர்த்தமில்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். அதே கடலில் அவ்வப்போது அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று வரும், அது வழக்கம்தான், கடல் கோபித்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். 1.2 என்றால் 2.4 மீட்டர் அலை ஒன்றைச் சந்திக்கத் தயாராக இருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தைவிட நான் முதலில் பார்ப்பது நொடிக்கணக்கை. ஒரு அலையின் முகடு போய் அடுத்த முகடு வருவதற்கு எத்தனை நொடி என்பது. ஆழமான தண்ணீரில் அந்த நொடியை அதே நொடியால் பெருக்கி 1.56-ஆல் பெருக்கினால் இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரம் மீட்டரில் கிடைக்கும். 12 நொடி அலை என்றால் சுமார் 225 மீட்டர் நீளம். ஒன்றரை மீட்டர் உயரமாக இருந்தாலும் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், டீ குடித்துக்கொண்டே போகலாம். 4 நொடி என்றால் 25 மீட்டர்தான், உங்கள் படகு எட்டரை மீட்டர், அதே ஒன்றரை மீட்டர் உயரம் இப்போது சுவர் மாதிரி நிற்கும். இந்தக் குட்டை அலை உள்ளூர்க் காற்று எழுப்புவது. நீள அலையைத்தான் ஸ்வெல் என்கிறார்கள், எங்கோ தூரத்துக் காற்று எழுப்பி அனுப்பியது.

என் அளவு இது: சராசரிக் காற்று 12 நாட்டுக்குள், வீச்சு 16-க்குள், அலை ஒரு மீட்டருக்குள், காற்று எழுப்பும் அலையானால் முக்கால் மீட்டருக்குள். முதல் வருடம் இதைவிடக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இப்படிப்பட்ட நாள் நிறையக் கிடைக்கும், பழகுவதற்கு அதுதான் காலம். நவம்பரில் பழகாதீர்கள். வாடைக்காற்றும் மழையும் ஒரு பக்கம் இருக்க, வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் மண்டலமாகிப் புயலாவதற்கு நாள்கணக்கு வேண்டியதில்லை. 2017 நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையிலேயே ஒக்கி புயலானது. ஏற்கனவே ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்குச் செய்தி போய்ச்சேர வழியில்லாமல் போனது.

காலையில் கரையில்

ஆப்பைப் பையில் வையுங்கள். முதல் வேலை, கரையில் இருக்கிற ஆட்களைக் கேட்பது. "கடல் எப்படிண்ணே இருக்கு?" என்றால் போதும். வலை உதறிக்கொண்டே தலை நிமிராமல் "போலாம், சீக்கிரம் வந்துரு" என்று பதில் வரும். அதில் இரண்டாவது பாதிதான் தகவல். ஊரில் ஒரு படகும் இறங்கவில்லையென்றால் காரணம் கேளுங்கள். சில நாள் ஊரில் சாவு, சில நாள் திருவிழா, சில நாள் பஞ்சாயத்துக் கட்டுப்பாடு. கடலே காரணமென்றால் வீட்டுக்குப் போய்விடலாம்.

அடுத்து அலைவாய், அலை உடைகிற இடம். துறைமுகத்துக்குள்ளிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது இல்லை, மணலிலிருந்து இறங்குகிறவர்களுக்கும் ஆற்று முகத்துவாரம் வழியாகப் போகிறவர்களுக்கும் நாளின் ஆபத்தான இடமே இதுதான். நடுக்கடலில் நடப்பதைவிட இங்கேதான் படகு அதிகம் கவிழ்கிறது என்பது என் அபிப்பிராயம். அலை அதன் உயரத்தைப்போல் சுமார் ஒன்றே கால் மடங்கு ஆழம் வந்ததும் உடையும். ஒரு மீட்டர் அலை உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் இருக்கும் இடத்தில் உடைகிறது என்று வையுங்கள், இரண்டு மீட்டர் அலை அதற்கு வெளியே உள்ள திட்டிலேயே உடையும். அலைகள் கூட்டமாக வரும், நாலைந்து பெரியது, பிறகு கொஞ்சம் ஓய்வு. பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். பெரிய கூட்டம் முடிந்ததும், கடைசி அலையின் பின்னாலேயே, என்ஜினை நிதானமான வேகத்தில் வைத்து அணியத்தை நேராக அலைக்குக் காட்டிப் போய்விட வேண்டும். நடுவில் பயந்து திருப்பக் கூடாது. திருப்பும்போது படகு அலைக்குப் பக்கவாட்டில் கிடக்கும், அந்த இரண்டு நொடி போதும்.

வெளியே போன பிறகு

அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து சுற்றிலும் பாருங்கள். மீன் கடிக்க ஆரம்பித்துவிட்டால் இதுதான் முதலில் மறக்கும். தண்ணீரில் அங்கங்கே ஓரிரண்டு வெள்ளை நுரை தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட். பார்க்கிற இடமெல்லாம் நுரை என்றால் 11-ஐத் தாண்டிவிட்டது. நுரை அடர்ந்து, முகட்டிலிருந்து சாரலும் தெறிக்க ஆரம்பித்தால் 17-க்கு மேல். அந்தக் கட்டத்துக்கு நான் காத்திருப்பதில்லை, எங்கும் நுரை என்ற இடத்திலேயே தூண்டிலைச் சுருட்டிவிடுகிறேன்.

கரை எவ்வளவு தூரம் என்பதற்கு ஜிபிஎஸ் இருக்கட்டும், கண்ணையும் பழக்குங்கள். படகில் உட்கார்ந்திருப்பவனின் கண் மட்டத்திலிருந்து அடிவானம் நாலரை கிலோமீட்டர்தான். மணலும் கரையில் கிடக்கும் படகுகளின் அடிப்பாகமும் மறைகிறதென்றால் அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள். தென்னந்தோப்பின் தலையும் மறைந்தால் பதினெட்டுக்குப் பக்கம். அதாவது பத்துக் கடல் மைல், புது ஆளின் எல்லை அது.

வெயில் காலத்திலும் தென்மேற்குப் பருவத்திலும் பிற்பகலுக்கு மேல் மேற்கைப் பாருங்கள். கரைக்கு மேல் மேகம் காலிஃபிளவர் மாதிரி எழும்பி, அடி கறுத்து, உச்சி பரந்தால் அது உள்நாட்டில் உருவாகி நம்மை நோக்கித்தான் வரும். மழைக்கு முன்னால் ஒரு குளிர்காற்று சட்டென்று அடிக்கும், பத்து நிமிடத்தில் 5 நாட் 30 நாட்டாகும், அதுவும் மேற்கிலிருந்து, உங்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். இடி காதில் விழுந்த பிறகு கிளம்புவது தாமதம்தான், மேகம் தெரிந்ததும் கிளம்ப வேண்டும். இந்தக் கரையில் மதியத்துக்கு முன் திரும்பிவிடுகிறவனுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

நண்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ எழும்பும். இது உங்களைக் கரைக்குத் தள்ளுகிற காற்று என்பதால் நல்லதென்று தோன்றும், ஆனால் அலை இப்போது அமரத்துப் பக்கமிருந்து, அதாவது படகின் பின்னாலிருந்து, வருகிறது. அலை படகைத் தூக்கி வேகமாகத் தள்ள, அணியம் முன்னே உள்ள பள்ளத்தில் குத்தி நிற்க, பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து படகு பக்கவாட்டில் திரும்பும். இப்படித்தான் கவிழ்கிறது. அலையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போங்கள், எடையைப் பின்னால் வையுங்கள், ஐஸ் பெட்டியை அணியத்தில் வைக்காதீர்கள். அலைவாயில் நுழையும்போது ஒரு அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும், அதை முந்தவும் கூடாது, பின்னால் வருகிறது பிடிக்கும்படி பின்தங்கவும் கூடாது. எதிர் அலையில் வரும்போது வேறு கதை: வேகத்தைக் குறைத்து, அலைக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி. நேரம் கூடுதலாகும், இடுப்பு மிஞ்சும்.

பெட்ரோலை மூன்று பங்காகப் பிரியுங்கள், போக ஒன்று, வர ஒன்று, மீதி ஒன்றைத் தொடக் கூடாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வதற்கு, உட்காருவதற்கு மெத்தை இல்லை. நங்கூரமும் போதுமான கயிறும் வேண்டும், என்ஜின் நின்றால் மிதந்து போகாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. தண்ணீர் இறைக்க ஒரு வாளி. போன் சிக்னல் வெளியே போகப் போகக் கிடைக்காது, அதனால் ஒரு விஎச்எஃப் ரேடியோ செட் வாங்குங்கள், ஆபத்து என்றால் 16-ஆம் சானல். சிக்னல் இருக்கும்போது கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் எத்தனை மணிக்கு இந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பாம்பன், குமரி ஆட்களுக்கு

ராமேஸ்வரம் தீவில் வடகடல், தென்கடல் என்று இரண்டு உண்டு. வாடைக்காலத்தில் பாக் விரிகுடாப் பக்கமான வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கியிருக்கும், தென்மேற்குக் காலத்தில் நேர் எதிர். அங்குள்ளவர்கள் காலத்துக்கேற்றபடி தொழிலைப் பக்கம் மாற்றிக்கொள்வது அதனால்தான். வடகடல் ஆழமில்லாதது, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான், அதனால் அங்கே எழும்பும் அலை குட்டையாக, நெருக்கமாக, நொடிக்கணக்கில் 3, 4 என்று இருக்கும். உயரம் குறைவு என்று ஆப் சொல்வதை வைத்து அங்கே இறங்காதீர்கள். என்ஜின் நின்றால் எந்தப் பக்கம் மிதப்போம், எல்லைக் கோட்டைத் தாண்டிவிடுவோமா என்பதையும் அங்கே காற்றோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

குமரியில் கள்ளக்கடல். காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், முக்கியமாக ஏப்ரல், மே மாதங்களில். தெற்கே அண்டார்டிகாவை ஒட்டிய பெருங்கடலில் புயல் எழுப்பிய நீள ஸ்வெல் சில நாள் பயணம் செய்து வந்து கரையில் ஏறும். ஆழத்தில் படகில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது, அலைவாயிலும் முகத்துவாரத்திலும் பாறைக் கரையிலும்தான் அது தன்னைக் காட்டும். முன்னறிவிப்பில் ஸ்வெல் 15 நொடிக்கு மேல் என்று பார்த்தால், உயரம் ஒரு மீட்டர்தான் என்று போட்டிருந்தாலும் மணலிலிருந்து படகை இறக்க வேண்டாம். இன்காய்ஸ் இதற்கென்று தனி எச்சரிக்கை விடுகிறது, அதைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. படகைக் கழுவி முடித்ததும் இரண்டு வரி எழுதுங்கள், முன்னறிவிப்பு என்ன சொன்னது, நான் என்ன பார்த்தேன் என்று. என் நோட்டில் அந்த ஜூலை நாளுக்கு இப்படி இருக்கிறது: "சொன்னது மேற்கு 12, வீச்சு 20. பார்த்தது காலை 5 மணிக்கு 4, 9.30-க்கு 20, அதற்கு மேல் எண்ணவில்லை. பெட்ரோல் மீதி ஒன்றரை லிட்டர். அண்ணனுக்கு மதியச் சாப்பாடு என் செலவு."